தாயத்தில் போட முடியாதது

தொப்புள்கொடி காய்ந்து விழும் முன்பே அக்காவின் பிள்ளை போய்விட்டது. பிறவியிலேயே இதயக் கோளாறு. எங்கள் ஊர்ப் பக்கம், விழுந்த கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் அரைஞாணில் கட்டுவார்கள். அக்காவின் மாமியார் மன்னார்குடியில் வாங்கி வைத்திருந்த தாயத்து பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை.

பிறந்ததும் வெட்டியெடுத்த கொடியின் மீதி என்னிடம் இருந்தது. தஞ்சாவூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ரத்தக்குழாய் செல்களை வளர்ப்பது என் வேலை. "குப்பைக்குப் போறதுதானே, எடுத்துக்கடா" என்று பிரசவத்துக்கு முன் அக்காதான் கையெழுத்துப் போட்டாள். கொடிக்குள் ஓடும் குழாயிலிருந்து செல்களைப் பிரித்துக் குடுவையில் வளர்த்தேன். சும்மா விட்டால் சில தடவை பெருகிவிட்டு ஓய்ந்துவிடும். அதனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தரும் வைரஸின் இரண்டு மரபணுக்களை உள்ளே செலுத்தினேன். 'போதும், நிறுத்து' என்று செல்லைத் தடுக்கும் காவலை அவை முடக்கிவிடும்.

பிள்ளையைக் குறுவை வயலுக்கு அப்பால் வாய்க்கால் கரையில் புதைத்துவிட்டுத் திரும்பினால், ஓயவேண்டிய செல்கள் குடுவை நிறையப் பெருகியிருந்தன. இதற்காகத்தான் வேறு கொடிகளை வைத்து மாதக்கணக்கில் மாரடித்தேன். மறுபடி பார்க்காமல் இன்குபேட்டர் கதவைச் சாத்தினேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அக்காவிடம் சொல்லிவிட்டேன். உடம்பு தேறியதும் தாயத்தோடு வந்து நின்றாள்.

"இதுல கொஞ்சம் போட்டுக் குடுடா."

"வெளிய கொண்டுபோகக் கூடாதுக்கா. உள்ள வைரஸ் ஜீன் இருக்கு. பிளீச்சிங் ஊத்திக் கொன்னுட்டுத்தான் எடுக்கணும்."

"கொன்னுட்டுத்தான் குடுப்பியா?" தாயத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். "அப்ப வேணாம். இங்கயே இருக்கட்டும்."

அதன்பிறகு எப்போது போன் செய்தாலும் முதல் கேள்வி, "சாப்பாடு போட்டியா?" குடுவையில் திரவம் மாற்றுவதைத்தான் கேட்கிறாள். ஒருநாள் எரிந்து விழுந்தேன். "அது புள்ள இல்லக்கா, செல்லு."

"தெரியும்டா. போட்டியா இல்லையா?"

போன மாதம் செல்கள் உப்பத் தொடங்கின. ஒவ்வொன்றாகப் பிடிப்பு விட்டு மிதந்தன. வைரஸ் மரபணு ஆயுளை நீட்டும், அவ்வளவுதான். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. போனில் சொன்னபோது அக்கா அழவில்லை. "நான் வர்ற வரைக்கும் எதையும் ஊத்திடாத" என்றாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள். பிளீச்சிங் கலந்ததும் இளஞ்சிவப்புத் திரவம் வெளுத்துப் போனது. உரிய நேரம் கழித்து வெளியே எடுத்து வந்து சிங்க்கில் கொட்டினேன். அக்கா பைக்குள்ளிருந்து சின்னத் தூக்கு ஒன்றை எடுத்தாள். பால்.

புதைத்த மறுநாள் குழியில் பால் ஊற்றுவார்கள். பச்சை உடம்புக்காரி என்று அன்று அவளை வாய்க்கால் கரைக்கு யாரும் விடவில்லை. நானும்தான் தடுத்தேன்.

சிங்க்கின் மேல் தூக்கைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்திருந்தாள். பால் வடிந்து இறங்கியது.

"தண்ணியத் தொறந்து விடுடா" என்றாள்.