பெரிய தலை, சின்னக் கால்

எண்பதுகளின் நடுவில் டொரன்டோவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்றில் வேலை செய்தேன். கண்ணாடி உடைந்ததென்று கழித்துவிட்ட ஒரு படத்தை முதலாளி எனக்குச் சும்மா தந்தார். விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலப் பத்திரிகையில் வந்த ஓர் அரசியல்வாதியின் கேலிச்சித்திரம். பூசணிக்காய்த் தலை, குச்சிக் கால்கள், வானம் பார்த்த மூக்கு. இப்படிக் கீறப்பட்டவர்களே அதைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் மாட்டுவார்களாம், முதலாளி சொன்னார். எனக்கு நம்ப முடியவில்லை. ஊரில் நான் கீறியது ஒரேயொரு கேலிப்படம், உள்ளூர் அரசியல்வாதி ஒருவரை, வாசிகசாலைச் சுவரில். அதற்காக அவருடைய ஆட்கள் வீடு தேடி வந்து என் விரல்களை மிதித்தார்கள். அதுதான் என் அகதி வழக்கு.

வழக்குக்குச் சாட்சிக் கடிதம் தருவதாகச் சொன்ன, இங்குள்ள எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர், விவரம் கேட்க டோர்செட் பார்க்கில் என் அப்பார்ட்மென்டுக்கு வந்தார். சுவரில் தங்க நிறச் சட்டத்துக்குள் நின்ற வெள்ளைக்காரரைக் கனநேரம் பார்த்தார்.

"ஆர் பிள்ளை உவர்?"

"இங்கிலாந்திலை ஒரு அரசியல்வாதி அண்ணை. பழைய ஆள்."

"நல்ல கம்பீரம். ஆண்டு விழா மலருக்கு என்னையும் உப்பிடியே கீறித் தாரும்."

தங்கச் சட்டம் போட்டுவிட்டால் எங்கள் ஆட்களுக்கு உள்ளே இருப்பது சாமிதான். நான் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை, குறும்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேட்டபடியே கீறிக் கொடுத்தேன். பெரிய தலை, சின்னக் கால், இரண்டு கையாலும் விடாமல் பிடித்த மைக்.

மலர்க் குழுவில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அடுத்த ஞாயிறு தலைவர் படத்தோடு வந்து, சப்பாத்தும் கழற்றாமல் நடு வீட்டில் நின்றார்.

"உந்தப் படத்தை என்ரை கண் முன்னாலை கிழிச்சுப்போடும். இல்லாட்டிக் கடிதம் இல்லை."

பயந்தேன். கடிதம் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்களே. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. படத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"படம் கீறினதுக்குத்தான் அங்கை என்ரை கையை மிதிச்சவை அண்ணை. இஞ்சை நானே அதைக் கிழிச்சுப்போட்டு, என்னெண்டு போய்ப் புகலிடம் கேக்கிறது?"

கடிதம் வரவில்லை. விசாரணைக்குத் தனியாகத்தான் போனேன். கனடாவுக்கு எதற்காக வந்தாய் என்று அதிகாரி கேட்டார். கோணிப்போன விரல்களை மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் தலைவரின் படத்தை வைத்தேன். அதற்கும் தங்கச் சட்டம் போட்டிருந்தேன்.

இப்படிக் கீறுவதற்கு என்றேன்.