பொன்னாடை நாளுக்காக நான் ஒளித்துவைத்த கடிதம்

எழுபதுகளின் கடைசியில் அம்மா உறையூருக்கு வெளியே வெள்ளைப் பன்றி வளர்த்தாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு முன் பதினோரு குட்டிகள், பிறந்து ஒரு வாரம்கூட ஆகாதவை, வாந்தியும் தண்ணீர்ப் பேதியுமாக மூன்றே நாளில் செத்தன. முந்தின வாரம் தாய்ப் பன்றிக்கு ஊசி போடப் பட்டிக்குள் வந்த கால்நடை டாக்டர், இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிக்கு வெளியிலேயே நின்றார்.

“ஓட்டல் எச்சில ஊத்தி வளர்த்தா சாகாம என்ன பண்ணும்? நீங்கதாம்மா கொன்னுட்டீங்க.”

தாய்ப்பால் தவிர வேறெதையும் நக்கிக்கூடப் பார்க்காத குட்டிகள்! மனிதர் அதையே அறிக்கையாகவும் எழுதினார். ஞாயிறு பூசை முடிந்து எங்களிடம் கறி வாங்கிய வீடுகள் ஒவ்வொன்றாக வாங்குவதை நிறுத்தின.

நான் அவருக்குக் கீழே ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். அவரிடம் சொல்லாமல், செத்த குட்டியின் குடலைப் பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் வைத்து, காலை ரயிலில் மெட்ராஸ் போய், எனக்குப் பாடம் நடத்திய ஒருவரிடம் கொடுத்தேன். நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் முள் முடி சூடிய உருண்டைகள் தெரிந்தனவாம். கொரோனா இனத்து வைரஸ். அதில் எந்த வகை என்று பிரித்துச் சொல்ல இங்கே வசதியில்லை. தீனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பூட்ஸில் ஒட்டிய சாணம் போதும், பட்டி விட்டுப் பட்டி போக.

ஊசி போட்ட அன்று டாக்டர் நேராக ஒரு பண்ணையிலிருந்து வந்திருந்தார். அங்கே ஏற்கெனவே குட்டிகள் செத்துக்கொண்டிருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை, அம்மாவிடம்கூட. மூன்று வாரத்தில் அவருக்குப் பிரிவு உபசார விழா. நன்றியுரையைக் கடைசியாக வேலையில் சேர்ந்தவன் தலையில் கட்டுவது எங்கள் ஆபீஸ் வழக்கம், அது நான். பொன்னாடை போர்த்தி முடித்ததும் எழுந்து, நன்றிக்குப் பதில் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். அவரோடு பண்ணைக்குப் போனவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் முகம் வெளுத்தது. எனக்குப் பரம திருப்தி. இன்றைக்கும் அதற்காக வருத்தமில்லை.

மாலையில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பட்டியைத் தினமும் இரண்டு வேளை ஃபினாயில் விட்டுத் தேய்த்துத் தோலுரிந்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப அதுங்கள நான் கொல்லலையாடா?”

ஊர் நம்பியது எனக்குத் தெரியும். அவளும் நம்பியிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“கடுதாசி எப்ப வந்துச்சு?”

“மூணு வாரமாச்சும்மா.”

அம்மா கையை விட்டுவிட்டாள்.