காலடி படாத நிலத்தில் சூடான அடுப்பு

"மனிதக் காலடி படாத மஞ்சூரிய மண்ணில், ஒற்றை மண்வெட்டியைத் துணைகொண்டு, பனியையும் புயலையும் வென்று பசுமை விளைத்த வீரப் பெண்மணி மியாஷிதா கிக்குயே."

நினைவுக்கல்லில் செதுக்கப்போகும் வாசகத்தைக் கொழுந்தன் கென்சோ வாசித்து முடித்தபோது கிக்குயேவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்து புரையேறியது, வாயில் முள்ளங்கி ஊறுகாய் இருந்தது.

"யாருப்பா இந்த அம்மா? எனக்கும் கொஞ்சம் அறிமுகப்படுத்தி வையேன்."

"விளையாடாதீங்க அண்ணி. நாளைக்குக் கல்தச்சர் உளியை எடுக்கிறார். திறப்பு விழாவுல இதை நீங்கதான் வாசிக்கணும். அங்க போய் வந்தவங்கள்ல எழுந்து நின்னு பேசக்கூடியவங்க நீங்க ஒருத்தர்தான் மிச்சம்."

ஜப்பானின் நகானோ மலைகளுக்கு நடுவே இருந்த அந்தக் கிராமத்தில் அது மறுக்க முடியாத தகுதி. இரண்டாம் உலகப் போர் முடிந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகியும் உயிரோடு இருந்ததற்காகவே கிக்குயே வீராங்கனையாகிவிட்டாள். மற்றபடி மண்வெட்டிக்கும் அவளுக்கும் பெரிய ஒட்டுறவு கிடையாது. கல்யாணத்துக்கு முன் டோக்கியோவில் ஒரு பணக்கார வீட்டில் வேலைக்காரியாக இருந்தவள். மஞ்சூரியாவில் முதல் கோடையில் களை என்று நினைத்துச் சோயா நாற்றுகளை ஒரு பாத்தி முழுக்கப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பழியைக் காக்கைமேல் போட்டாள். பனியை வென்ற விதமும் எளிமையானது: வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தாள்.

அவள் அங்கே போனதே ஒரு வேடிக்கை. பட்டுக்கு விலை விழுந்து ஊர் படுத்துக் கிடந்த காலம். இரண்டாவது, மூன்றாவது பிள்ளைகளுக்குப் பங்கு வைக்க நிலம் இல்லை. சீனாவின் வடகிழக்கே, ஜப்பான் பிடித்துவைத்திருந்த மஞ்சூரியாவில் நிலம் காலியாகக் கிடக்கிறது, போங்கள் என்றது அரசாங்கம். ஊர்த்தலைவராக இருந்த மாமனார் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். முன்மாதிரியாக இருக்கட்டும் என்று தம் இரண்டாவது மகன் தாமேஜியையும் புது மருமகளையும் முதல் வண்டியில் ஏற்றினார். ஜப்பான் ஏன் அண்டை நாட்டை விழுங்கப் போனது என்பதற்குப் படித்தவர்கள் ஆயிரம் காரணம் எழுதிவிட்டார்கள். கிக்குயேவின் காரணம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மஞ்சூரியாவில் மாமியார் இருக்கமாட்டார். சக்கரவர்த்திக்காகப் போகிறோம் என்று ரயிலடியில் கொடியசைத்துப் பாடும்போது அவள் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

"காலடி படாத மண்ணுன்னு எழுதியிருக்கியே, அதை எடுத்துடு" என்றாள்.

கென்சோ முகம் சுருங்கியது. "வேணும்னா 'மக்கள் அதிகம் இல்லாத நிலம்'னு மாத்தறேன்."

"அது சரிதான். நாங்க போய் இறங்கறதுக்கு முந்தின நாள்தான் அதிகம் இல்லாமப் போனாங்க."

"அரசாங்கம் விலை குடுத்துத்தானே வாங்கிச்சு?"

"குடுத்துச்சு. துப்பாக்கியைப் பக்கத்துல சாத்தி வச்சுட்டுப் பேரம் பேசினா நானும்தான் மலிவா வாங்குவேன்."

"நாம மட்டும் கொஞ்சமாவா இழந்தோம்? அண்ணன் ரஷ்யாக்காரன்கிட்ட கைதியா சைபீரியாவுல செத்தாரு. ஊர்லேருந்து போனவங்கள்ல பாதிப்பேர் திரும்பல." அவன் குரல் தணிந்தது. "அனுப்பினது அப்பா. காலி நிலம்னு நம்பி அனுப்பினாருன்னு இருந்தாத்தான் அவர் பேரு நிக்கும். இல்லேன்னா அந்தக் கல்லுமேல ஊரே காறித் துப்பும் அண்ணி."

கிக்குயே தேநீரை ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு, யாருக்கும் சொல்லியிராத விஷயத்தை, பக்கத்து வீட்டு அசட்டுப் பெண்ணின் கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஒதுக்கிய வீட்டுக்குள் அவர்கள் நுழைந்த அன்று, அந்த ஊர் வழக்கப்படி அடியில் கணப்பு ஓடும் செங்கல் படுக்கை மேடை வெதுவெதுப்பாக இருந்தது. மூலையில் ஒரு ஜாடி நிறையப் புளித்த முட்டைக்கோஸ். அலமாரியில் கிண்ணங்கள், ஒரு பை மாவு. குடியேற்ற அலுவலகத்துக்குத்தான் எத்தனை கரிசனம் என்று அவள் உருகிப்போனாள். ஆளில்லாத அறையைப் பார்த்துத் தரையில் தலைபடக் கும்பிட்டு நன்றியும் சொன்னாள்.

அதோடு விட்டிருக்கலாம். டோக்கியோவில் பழகிய மரியாதை விடவில்லை. புது வீட்டுக்குக் குடிபோனால் அக்கம்பக்கத்துக்கு நூடுல்ஸ் கொடுத்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். மறுநாள் மாவு பிசைந்து, வெட்டி, வேகவைத்து, அலமாரியிலிருந்த ஒரு கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு போனாள். வயலோரத்தில் ஒரு மண்குடிசைதான் பக்கத்து வீடு. லுவான் என்ற மனிதரும் அவர் மனைவியும் வாசலுக்கு வந்தார்கள்.

"'புதுசா குடிவந்திருக்கோம், எங்களால தொந்தரவு ஏதும் இருந்தா பொறுத்துக்கணும்'னு குனிஞ்சு சொன்னேன். அழகா சொன்னேன், நீ கேட்டிருக்கணும்."

"அவங்களுக்குப் புரிஞ்சுதா?"

"பாஷை புரியல. அந்தம்மா கிண்ணத்தை வாங்கித் திருப்பி, விளிம்புல இருந்த உடைசலை விரலால தடவிப் பாத்தா. அது அவ கிண்ணம் கென்சோ. அவ வீட்டுக் கிண்ணத்துல, அவ வீட்டு மாவை வேகவச்சு, அவளுக்கே தானம் பண்ணிட்டு நிக்கிறேன்."

கென்சோ தேநீரைத் தொடவில்லை.

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

கூனிக் குறுகிப் போனேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும் என்று கிக்குயேவுக்குத் தோன்றியது. "வீட்டுக்கு வந்து கணப்பை மூட்டினேன். அப்படிக் குளிர். லுவான் எங்க வயல்லயே கூலிக்கு வந்தாரு. அவர் வயல்ல. தினம் காலையில நான் அவருக்கு வணக்கம் சொல்லுவேன். மரியாதையில ஒரு குறையும் வைக்கல."

கென்சோ எழுந்துகொண்டான். "இதெல்லாம் கல்லுல எழுத முடியாது அண்ணி." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பா நல்லவரு" என்றான்.

"நல்லவருதான். நானும் நல்லவதான். அதான் சங்கடமே."

விழா நாளில் துணி விலகியபோது கல்லில் பழைய வாசகமே இருந்தது; 'காலடி படாத' உட்பட, ஆழமாக, அழகாக. கென்சோ அவள் முகத்தைப் பார்க்காமல் ஒலிவாங்கியை நீட்டினான். கிக்குயே திரும்பி வராதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். தாமேஜியின் பெயரையும் வாசித்தாள். பிறகு தன் பெயர் இருந்த வரிக்கு வந்தாள். அதை வாசிக்கவில்லை.

"அந்த நிலம் காலியா இல்ல. லுவான் குடும்பத்தை வெளியே அனுப்பிட்டு, அவங்க வீட்டுல நான் ஆறு வருஷம் குடியிருந்தேன். அவங்க உழுது வச்ச வயல்ல விளைஞ்சதைச் சாப்பிட்டேன். அது யார் வீடுன்னு ரெண்டாம் நாளே எனக்குத் தெரியும்."