இரண்டு தட்டு, ஒரு தட்டு

இது நடந்தது. நான் கதை வாசிப்பவன், எழுதுபவன் இல்லை. வாசித்த எதையும் இதில் கலக்கவில்லை. கராஜ் மணிக்கூடு காட்டிய நேரங்களை, அன்றைக்குக் கையில் இருந்த நாவலின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை. மாத்தளையில் நான் வேலை செய்யும் கராஜ். பல்லேபொலயிலிருந்து ஜிப்ரி நானா தன் வேனைக் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகளை டவுன் டியூஷனுக்கு ஏற்றிப் போகும் வேன். நடு சீட்டைத் தரையோடு பிடிக்கும் நான்கு போல்ட்டுகளும் புரி தேய்ந்துவிட்டன. சீட்டைக் கம்பியால் கட்டியிருந்தார்.

“வளைவுல சீட்டோட சாஞ்சிட்டா என் மக. ஆதிபாவுக்கு அந்த சீட்தான் வேணும், வேற எதுலயும் இருக்கமாட்டா. ரெண்டு மணி வகுப்புக்கு ஏத்தணும் தம்பி.”

“நானா, கம்பி கட்டினது யாரு?” என்றான் ஹுஸ்னி, என்னோடு வேலை செய்பவன்.

“நான்தான்.”

“பாத்தாலே தெரியுது.”

துருப்பிடித்த பழைய போல்ட்டுகளையும் நட்டுகளையும் காலையிலேயே வெட்டி எடுத்துவிட்டோம். அடுத்தது இரண்டு பேர் செய்யும் வேலை. வேனுக்குள் இருந்து நான் ரென்ச்சால் புது போல்ட்டை முறுக்க வேண்டும். கீழே படுத்து ஹுஸ்னி ஸ்பேனரால் நட்டைப் பிடிக்க வேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் தரையைத் தட்டுவோம். இரண்டு தட்டு என்றால் முறுக்கு. ஒரு தட்டு என்றால் நிறுத்து.

12.10. எல்லோரும் ஜும்ஆவுக்குப் போனார்கள். “தொழுதுட்டு வந்து முடிப்போம் மச்சான்,” என்று ஹுஸ்னியும் போனான். கராஜில் நான் மட்டும். வேனுக்குள் உட்கார்ந்து நாவலைத் திறந்தேன். அதில் பனி பெய்துகொண்டிருந்தது. இங்கே கூரைத் தகரம் வெயிலில் டிக்... டிக்... என்றது.

12.31. அளவு சரியா என்று பார்க்க முதல் போல்ட்டை ஓட்டையில் இறக்கினேன். சும்மா சுழற்றினேன். இலேசாகச் சுழன்றது. பிறகு... பிடித்தது.

டக். டக்.

கீழிருந்து.

“ஹுஸ்னி? பள்ளிக்குப் போகலையா?”

மறுபடி டக், டக். முறுக்கினேன். நன்றாக இறுகியது. டக், ஒன்று. நிறுத்தினேன்.

12.36. இரண்டாவது. அதுவும் அப்படியே. ஆனால் நட்டில் ஸ்பேனர் உரசும் சத்தம் இல்லை. குனிந்து கதவுக்கு வெளியே பார்த்தேன். வேனுக்குக் கீழே போகும்போது ஹுஸ்னி செருப்பைக் கழற்றிப் போடுவான். செருப்பு இல்லை.

ஸ்பேனர் என் பக்கத்தில் கிடந்தது. அந்த அளவில் எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.

12.41. மூன்றாவது. ஓட்டை சீட்டின் மறுபக்கம். கீழே இருப்பவர் ஊர்ந்து வர நேரம் எடுக்கும். எடுக்கவில்லை. போல்ட் இறங்கியதுமே பிடித்தது.

பயம் வரவில்லை. எதுவும் வரவில்லை. கை மரத்துப்போய், யாரோ ஒருவருடைய கை மாதிரி வேலை செய்தது.

12.45. நான்காவது ஓட்டையில் துரு. துடைக்க விரலை விட்டேன்.

கீழே ஒரு விரல் நுனி.

ஈரம்.

விரலை எடுத்தேன். போல்ட்டை இறக்கினேன்.

டக். டக்.

நிறுத்தினால் என்ன நடக்கும் என்று பார்க்க நான் விரும்பவில்லை. முறுக்கினேன்.

டக்.

12.52.

ஜிப்ரி நானா தொப்பியோடு வந்தார். சீட்டை இரண்டு கையாலும் உலுக்கினார். “கல்லு மாதிரி இருக்கே,” என்றார். 1.05க்கு வேனை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை ஏற்றப் போனார். நான் கீழே பார்க்கவில்லை. அவரிடம் எதுவும் சொல்லவும் இல்லை. அது என் பிழை.

2.20. வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஹுஸ்னி வந்தான்.

“வேன் எங்க மச்சான்?”

“போயிருச்சு.”

“எப்பிடிப் போகும்?”

சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தான். நான்கு புது நட்டுகள்.

ஜிப்ரி நானாவுக்கு அழைத்தோம். பிள்ளைகள் வகுப்புக்குள் போய்விட்டார்கள் என்றார். த்ரீவீலில் போனோம். ஹுஸ்னி ரோட்டோரத்தில் படுத்து, ஃபோன் வெளிச்சத்தோடு வேனுக்குக் கீழே போனான்.

“போல்ட் நுனி நாலும் நீட்டிட்டு நிக்குது. நட் இல்ல.”

நானும் ஜிப்ரி நானாவும் சீட்டை மேலே இழுத்தோம். அசையவில்லை.

ஹுஸ்னி நட்டுகளைப் போட்டான். வெளியே வந்து கையைச் சட்டையில் துடைத்தான். “நாலாவது சரியா உக்காரல. இடையில என்னமோ மாட்டுது. பெலமா இறுக்கிட்டேன்,” என்றான்.

5.40. ஜிப்ரி நானாவின் அழைப்பு.

“தம்பி, நீங்க வந்து நட் போட்டது ஆதிபாவுக்குத் தெரியாது. அவ வகுப்புல இருந்தா. நானும் சொல்லல.”

“சரி நானா.”

“வகுப்பு விட்டு ஏறினதுல இருந்து ஒரே விஷயத்தத்தான் சொல்லிட்டு வாறா.”

என்ன என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“கீழ புடிச்சிட்டு இருக்கவங்களோட விரல் நட்டுக்குள்ள மாட்டிக்கிச்சாம். கழட்டி விடச் சொல்லி அழுறாங்களாம்.”