ஜெனூபா தேடிய கிருமி

ஜெனூபா என்ன வேலை செய்கிறாள் என்று மருதமுனையில் கேட்டால், "கொம்பியூட்டரில ஏதோ கிருமி பாக்கிறா" என்பார்கள். அது பிழையுமில்லை. உயிரியல் படித்தவள், கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்தே நிரல் எழுதப் பழகி, கிருமிகளின் மரபணுவைக் கணினியில் வாசிக்கும் ஆய்வுகூட வேலைக்கு வந்து சேர்ந்தாள். முன்பெல்லாம் மாதிரிகள் வெளிநாட்டுக்குப் போகும். பதில் வரும்போது நோயாளி சுகப்பட்டிருப்பார், அல்லது மௌத்தாகியிருப்பார்.

அந்த மாரியில் அவளுடைய ராத்தா, மூத்தவள் பஸ்மினாவின் கணவர் மிஹ்லார் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். மாவடிப்பள்ளி வயலில் சேறு மிதித்தவர். சீனி வருத்தமும், அதாவது நீரிழிவும், உண்டு. டெங்கு இல்லை, எலிக்காய்ச்சலும் இல்லை. எந்த மருந்துக்கும் காய்ச்சல் அடங்கவில்லை. அவருடைய இரத்தத்திலிருந்து வளர்த்தெடுத்த கிருமியை டொக்டர் கேதீஸ்வரன் ஜெனூபாவின் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்.

கணினி ஒன்றுக்குப் பதிலாக இரண்டு விடை காட்டியது. மண்ணில் வாழும் இரண்டு கிருமிகள், கூடப்பிறந்தவைபோல ஒரே சாயல். ஒன்று சாது, மற்றது ஆளைக் கொல்லும். இது எதுவென்று பிரித்தறிய முடியவில்லை. இன்னும் நுணுக்கமாக ஒப்பிடத் தொடங்கியபோது கரண்ட் போனது. மடிக்கணினியின் பற்றரி இறங்கிக்கொண்டிருந்தது.

ராத்தா கோல் எடுத்தாள். "அவருக்கு மூச்சு வாங்குது புள்ள. ஒனக்குத் தெரிஞ்சதச் சொல்லன்."

"இன்னும் தெரியா ராத்தா. நான் பிழையாச் சொன்னா மருந்தும் பிழையாப் போயிரும்."

போனை வைத்தாள். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, கொல்லும் கிருமியிடம் மட்டுமே இருக்கும் மரபணுக்களைத் தேடவிட்டாள். ஒன்று பொருந்தியது. அடுத்ததும் பொருந்தியது. ஆய்வுகூட அழுக்கு எதுவும் கலந்துவிட்டதோ என்று, கிருமி சேர்க்காத வெறும் மாதிரியையும் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை. அதன்பிறகே டொக்டரை அழைத்தாள்.

"நிச்சயமா?"

"ஓம் டொக்டர். கொல்லுற கிருமிதான். மெலியோய்டோசிஸ்."

"போன கிழமை நாவிதன்வெளி ஆள் ஒருத்தரும் இப்பிடித்தான் காய்ச்சலோட செத்துப் போனவர்," என்றார் டொக்டர். "நான் மருந்த மாத்துறன்."

மிஹ்லாரின் காய்ச்சல் உடனே விடவில்லை. விட்டபோது ஆள் பாதியாகியிருந்தார். ஆனாலும் வீட்டுக்கு வந்தார்.

நாவிதன்வெளிக்காரரிடமிருந்து எடுத்து வைத்திருந்த கிருமியையும் ஜெனூபா கேட்டு வாங்கிப் பார்த்தாள். அதேதான். டொக்டரோடு அவளும் அந்த வீட்டுக்குப் போனாள். இறந்தவரின் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முந்தியே தெரிஞ்சிருந்தா அவர் இருந்திருப்பாரா?" என்றாள்.



"இருந்திருக்கலாம்," என்றாள் ஜெனூபா.