ஹீட்டர் சுடும் வேன்

எங்கள் நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு கராஜின் பின்வளவில் உள்ளேயே படுத்துறங்கிப் பயணம் போகக்கூடிய இரண்டு பழைய காம்பர் வேன்கள் விற்பனைக்கு நின்றன. ஒன்றின் எஞ்சினைக் காற்றே குளிர்விக்கும். ரேடியேட்டர் இல்லை, ஒழுகவும் ஒன்றுமில்லை, ஆனால் ஹீட்டர் பெயருக்குத்தான். மற்றதன் எஞ்சினைத் தண்ணீர் குளிர்விக்கும். ஹீட்டர் நன்றாகச் சுடும், குழாய்கள்தான் துருப்பிடித்திருந்தன. எதை வாங்குவதென்று மாசி முழுக்க என் மனம் இரண்டுக்கும் இடையே அலைந்தது. வேலையில் யாராவது பேச்சுக் கொடுத்தாலே எரிச்சல் வந்தது. கடைசியில் மனைவியிடம், "தண்ணி எஞ்சினையே எடுப்பம். ஹீட்டர் முக்கியம்" என்றேன்.

அவள் சப்பாத்தில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள். "பனி உருக றோட்டில போடுற உப்பு வேன்ர தகரத்தைத் தின்னும், பனிக்காலத்தில வேனை வெளிய எடுக்க மாட்டன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பேந்து என்னத்துக்கு ஹீட்டர்?"

 வேனில் ஏறி நான் தப்பியோட நினைத்ததே அந்தப் பனிக்காலத்திலிருந்துதான்.