பின்னாடி ஆடுகிறவன்

எனக்கு ஆட வரும் என்று முதலில் கண்டுபிடித்தவர் ஒரு வெள்ளைக்காரர். அதுவும் தெரிந்து கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு அப்போது ஒரு தூண் தேவைப்பட்டது. தூண் நகராது என்பதால் என்னைக் கூப்பிட்டார்.

பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்த ஒரு கெஸ்ட் ஹவுஸில் பெட்ஷீட் துவைப்பதுதான் என் உத்தியோகம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் விட்டுவிட்டதாக வீட்டில் சொல்வார்கள். அது என் மரியாதைக்காகச் சொல்வது. உண்மையில் பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது.

அந்த வெள்ளைக்காரர் தன் மகன் கல்யாணத்தில் மனைவியோடு வால்ட்ஸ் என்கிற ஜோடி ஆட்டம் ஆட வேண்டுமாம். மனைவி இன்னும் வந்து சேரவில்லை. அதனால் தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் செல்போனில் பாட்டைப் போட்டுவிட்டு, என் வலது கையைப் பிடித்துக்கொண்டு, இடது கையைத் தன் தோள்மேல் எடுத்து வைத்துக்கொண்டு, "ஒன், டூ, த்ரீ" என்று முன்னால் வருவார். நான் பின்னால் போவேன். கொடியில் காயும் பெட்ஷீட்டில் போய் முட்டினால் சுவர் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது திருப்புவார். சுற்றுவேன். பெட்ஷீட் எந்தப் பக்கம் காற்றில் பறக்கிறதோ அந்தப் பக்கம் நானும் பறப்பேன். என் கால் என் பேச்சைக் கேட்ட முதல் விஷயம் இதுதான்.

மனைவி வந்ததும் என்னைப் பழையபடி பெட்ஷீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். போகும்போது எனக்கு ஆட்டம் முழுக்கத் தெரிந்திருந்தது. தெரியாத சமாச்சாரம் ஒன்றே ஒன்று. அந்த ஆட்டத்தில் ஆண் முன்னால் வர வேண்டும், பெண் பின்னால் போக வேண்டும். நான் கற்றுக்கொண்டது முழுக்கப் பொம்பளை ஆட்டம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விழுப்புரத்தில் டிவிக்காரர்கள் ஜோடி டான்ஸ் நிகழ்ச்சிக்கு ஆள் எடுக்க வந்தபோது நான் போயே இருக்கமாட்டேன்.

போனேன். பாட்டைப் போடச் சொல்லி, கண்ணை மூடி, பின்னால் சுழன்றுகொண்டே போய், ஜட்ஜுகளின் மேஜையில் இடுப்பை இடித்து, தண்ணீர் கேனோடு சேர்ந்து உட்கார்ந்தேன். மூன்று ஜட்ஜும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். சிரிப்புக்கு ஒருத்தன் வேண்டுமல்லவா? டான்ஸ் நிகழ்ச்சியில் அப்படி ஒரு கோட்டா இருக்கிறது.

ஜோடி இல்லாமல் வந்தவர்களை அவர்களே ஜோடி சேர்த்தார்கள். எனக்குக் கிடைத்தது விழுப்புரத்துப் பெண். செல்போன் கடையில் வேலை. வீடியோ பார்த்துப் பார்த்து வீட்டு மாடியில் தனியாகவே பழகியவள். ஆணின் இடத்தில் ஒரு தென்னந்துடைப்பத்தை வைத்துக்கொள்வாளாம். நான் அவளுடைய இரண்டாவது ஜோடி.

முதல் நாள் ஒத்திகை முடிந்ததும் சொன்னாள்: "தொடப்பமே தேவல. அதுவாவது நேரா நிக்கும்."

"தொடப்பத்துக்கு டிவில சான்ஸு குடுக்கமாட்டாங்களே," என்றேன்.

"உனுக்கே குடுத்துட்டாங்க. அதுக்குக் குடுக்க மாட்டாங்களா?"

எங்களுக்கு ஒத்திகை பார்க்க இடம் திண்டிவனத்தில் கிடைத்தது. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால். முகூர்த்தம் இல்லாத நாட்களில் காலையில் ஆடலாம். கழுவி விட்டாலும் ரசம் வாசனை போகாத, வழுவழுவென்ற தரை. பால்ரூம் ஆட்டத்துக்கு அப்படி ஒரு தரை கிடைப்பது வரம். தெருவில் ஆட முடியாது. தரை வழுக்கவும் வேண்டும், கவிழ்த்துவிடவும் கூடாது.

மண்டபத்துக்காரர் சாவியைக் கொடுக்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்: "டிவில கீற வரைக்கும் ஆடிக்குங்க. ஃபைனலு வரைக்கும் போய்ட்டீங்கன்னா காலை நேரத்த உங்களுக்கே வுட்டுர்றேன். கிளாஸ் எடுத்துப் பொழச்சிக்குங்க. நடுவுல வெளிய வந்தீங்கன்னா சாவிய மாட்டிட்டுப் போய்க்கினே இருக்கணும். இன்னா?"

அவளுக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. ஒரு டான்ஸ் கிளாஸ், அதுவும் ஜோடி ஆட்டத்துக்கு, திண்டிவனத்தில்! எனக்கும் அந்த ஆசைதான். ஆனால் நான் எதையும் ஆசைப்பட்ட மாதிரி காட்டிக்கொள்வதில்லை. கிடைக்காமல் போனால் சிரிக்க வசதியாக இருக்கும்.

ஒத்திகை இருக்கிற நாளெல்லாம் அவள் ஸ்கூட்டியில் நான் பின்னால் உட்கார்ந்து மண்டபத்துக்குப் போவேன். எனக்கு லைசன்ஸ் கிடையாது. வழியில் டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் தவறாமல் கேட்பார்: "ஏம்மா, மாப்பிள்ளைய எங்க ஏத்திக்கினு போற?" அவள் வண்டியை நிறுத்தாமல், "சந்தைக்கு!" என்பாள்.

நிகழ்ச்சியில் வாரா வாரம் தப்பித்தோம். ஆட்டத்தால் அல்ல, என் உளறலால். நான் மைக்கைப் பிடித்தால் ஜனம் சிரிக்கும். ஆனால் ஆடும்போது நான் முன்னால் வர வேண்டும். ஒவ்வொரு அடியையும் தலைக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்துத்தான் காலை வைப்பேன். அதற்குள் தாளம் போய்விடும். கடைசிக்கு முந்தின சுற்று நெருங்கியபோது மூன்று ஜட்ஜில் ஒருவரான ஜட்ஜம்மா சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"தம்பி, நீங்க அந்தப் பொண்ண அழைச்சிட்டுப் போகணும். அவங்கதான் உங்கள இழுத்துட்டுத் திரியறாங்க. அடுத்த வாரமும் இப்படியே ஆடினா வீட்டுக்குத்தான்."

அன்றைக்கு ஸ்கூட்டியில் திரும்பினோம். மண்டபத்தைத் தாண்டும்போது அவள் வேகத்தைக் குறைத்து, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஓட்டினாள்.

இரண்டு நாள் கழித்து டிவியிலிருந்து ஒரு டைரக்டர் போன் செய்தார். என்னைவிடச் சின்னப் பையன். "ப்ரோ, கவலைப்படாதீங்க. உங்க வீட்டை எடுத்துப் போடுறோம். அம்மா, உங்க கஷ்டம், ரெண்டு சொட்டு கண்ணீர். ஓட்டு கொட்டும். ஃபைனல் கன்ஃபார்ம்." வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார்.

எங்கள் வீடு திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமத்துக் காலனியில் இருக்கிறது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. அப்பா நான் சின்னப் பையனாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா மல்லாட்டைக் கடலை பிடுங்க, நாற்று நட, எதற்குக் கூப்பிட்டாலும் போவாள். சுவர் காரை உதிர்ந்து உள்ளே கம்பி தெரியும். டைரக்டருக்கு வேண்டியது எல்லாமே எங்கள் வீட்டில் இருந்தது. நான் செய்த தப்பு, "டிவிலேந்து வர்றாங்க" என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொன்னது.

வியாழக்கிழமை டிவி வேன் தெருவுக்குள் நுழைந்தபோது, முந்தின இரவு கெஸ்ட் ஹவுஸிலேயே தங்கிவிட்ட நானும் அதில்தான் இருந்தேன். எங்கள் வீட்டை எனக்கே அடையாளம் தெரியவில்லை. ரோஸ் கலர். கதவுக்குப் பச்சை. கம்பி தெரிந்த இடத்தையெல்லாம் பூசி மூடியிருந்தார்கள். வாசலில் அகலக் கோலம். திண்டிவனத்திலிருந்து வாடகைக்கு வந்த சிவப்பு சோபா ஒன்று, கல்யாண மேடையில் போடுவார்களே அது, உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றது. அம்மா பட்டுப்புடவையில் இருந்தாள். பட்டு யாருடையது என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். பிரியாணி வாசனை வேன் வரைக்கும் வந்தது.

டைரக்டர் இறங்கினார். வீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ப்ரோ, பழைய வீடு எங்க?"

அம்மா சிரித்த முகத்தோடு, "நேத்து வரைக்கும் இங்கதான் இருந்துச்சு சார்!" என்றாள்.

டைரக்டர் சோபாவில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். எதிர்வீட்டு அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இன்னா சார் பேஜாரு? ஓட்ட வூடுதானே வேணும்? எங்க வூட்ல எடுங்க. மழ வந்தா உள்ள கொட புடிச்சிக்கினுதான் குந்தணும்."

டைரக்டருக்கு உயிர் வந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, "சூப்பர்ங்க! இதான் வேணும். ரொம்ப மோசமா இருக்கு!" என்றார்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. "மோசமா கீதா? யாரப் பாத்து மோசம்ன்றீங்க? இருங்க." கதவைச் சாத்திக்கொண்டாள். கேமராக்காரர் வேனிலிருந்து சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் கதவு திறந்தது. உள்ளே தரையைத் துடைத்து, ஓட்டை இருந்த பக்கம் புதுப் போர்வையைத் திரையாகக் கட்டி, பித்தளைக் குடங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள்.

"இப்ப எடுங்க," என்றாள்.

டைரக்டர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "இந்தத் தெருவுல ஏழையே இல்லையா ப்ரோ?"

அம்மா அவருக்கு மோர் சொம்பை நீட்டினாள். "ஏன் சார் இல்ல? நாங்கதான் கீறோமே. அதுக்காவ ஆளு வர்றப்போ அப்பிடியே வுட்டுருவமா?"

கேமராக்காரர் அதற்குள் கேமராவைத் தோளில் ஏற்றி ஓடவிட்டிருந்தார் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

சரி, கண்ணீராவது கிடைக்கட்டும் என்று டைரக்டர் அம்மாவை அந்த சோபாவில் உட்காரவைத்தார். "அம்மா, உங்க வீட்டுக்காரரப் பத்திச் சொல்லுங்க. அவர் இல்லாம..."

"அவரா? அந்தாளு மூங்கி கொம்பு மாரி இருப்பாரு சார். ஒருக்கா சாமி ஊர்வலத்துல பல்லக்குக்குப் பின்னால தண்டு தூக்கிக்கினு போறப்போ வேட்டி அவுந்துடுச்சி. கைய எடுத்தா சாமி சாஞ்சிடும். இன்னா பண்ணுவாரு? தெரு முச்சூடும் அப்பிடியே போயிட்டாரு. கேட்டதுக்கு, 'சாமி முன்னாடி பாத்துக்கினு இருந்துச்சி, ஒண்ணும் பாக்கல'ன்னாரு." அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்துத்தான். கேமரா குலுங்கியது. அடுத்து என்னிடம் வந்தார்கள். நான் கண்ணைக் கசக்கிப் பார்த்தேன், மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். எதிரே ரோஸ் சுவர். அதன்மேல் பட்டுப்புடவையோடு அம்மா சாய்ந்து, முதுகு முழுக்கப் பெயிண்ட் ஒட்டிக்கொண்டு, ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டிருந்தாள். அழுகை எங்கிருந்து வரும்? வேன் கிளம்பும்போது டைரக்டர் சொன்னார்: "பிரியாணி நல்லா இருந்துச்சு ப்ரோ. ஃபைனல் கஷ்டம்தான்."

மறுநாள் காலை சாப்பாட்டு ஹாலில் என் ஜோடியிடம் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அழுவாச்சி இல்ல. ஆட்டம்தான் மிச்சம்."

"அதுவும் இல்லியே," என்றேன்.

"மேடைல ஏறாதப்போ நீ எப்பிடி ஆடுவ? ஆடிக் காட்டு. அந்த வெள்ளக்காரன் கூட ஆடினியே, அது."

கையை நீட்டினேன். வெட்கமாக இருந்தது. அவள் முன்னால் வந்தாள். நான் பின்னால் போனேன். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. ஹாலின் மூலையில் இருந்த நாற்காலி அடுக்கில் முட்டாமல் அவளே என்னைத் திருப்பினாள். தலைக்குள் ஒன்றையும் திருப்பிப் போட வேண்டியிருக்கவில்லை. மொட்டை மாடிக் காற்று திரும்ப வந்த மாதிரி இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அத்தனை காலம் துடைப்பத்தை அவள்தானே ஓட்டிக்கொண்டிருந்தாள்?

நின்றதும் இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"இப்பிடியே ஆடலாம்," என்றாள்.

"டிவிலயா? பொம்பள மாரி ஆடறான்னு ஊரே சிரிக்கும்."

"இப்ப மட்டும் ஊரு அழுதுகினா கீது?"

நான் மறுபடி கையை நீட்டினேன். 

படப்பிடிப்பு அன்று முதலில் வீட்டுப் படத்தைப் போட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். காதில் விழுந்தது அம்மா குரல்: "ஆளு வர்றப்போ அப்பிடியே வுட்டுருவமா?" அரங்கமே சிரித்தது, அப்புறம் கைதட்டியது. ரோஸ் வீடு பெரிய திரையில் நன்றாகத்தான் இருந்தது. கம்பி தெரியவில்லை.

பிறகு பாட்டு வந்தது. அவள் என் முதுகில் கையை வைத்தாள், நான் அவள் தோளைப் பிடித்தேன். கூட்டத்தில் யாரோ விசில் அடித்துக் கேலி செய்தார்கள். முதல் திருப்பத்தில் அந்த விசில் நின்றது. எனக்கு முதுகுக்குப் பின்னால் எதுவும் தெரியாது. மேடை விளிம்பு எங்கே, விளக்கு எங்கே என்று தெரியாது. அவளுக்குத் தெரியும் என்பது மட்டும் தெரியும். போய்க்கொண்டே இருந்தேன். பாட்டு முடிந்து நின்றபோது விளிம்புக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தோம்.

ஜட்ஜம்மா மைக்கை எடுத்தார். "யாரு அழைச்சிட்டுப் போனது?"

அவள் கையைத் தூக்கினாள், வகுப்பில் பிள்ளைகள் தூக்குகிற மாதிரி.

"அப்ப நீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"நான் கூடப் போனேங்க," என்றேன். ஜனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்.

ஃபைனலுக்குப் போனோம். அங்கே கடைசியாக வந்தோம், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஜெயித்த ஜோடி எங்களைத் தூக்கிச் சாப்பிடுகிற ஜோடி. அதற்கப்புறம் வேறு சேனல்களிலும் ஆடினோம். ஒன்றில் மூன்றாவது, ஒன்றில் முதல் வாரமே வெளியே. இப்போது இன்னொன்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், டேங்கோ என்று வேறொரு ஜோடி ஆட்டம் கேட்கிறார்கள். நான் பின்னால் போகிறவன் என்று தெரிந்தே கூப்பிடுகிறார்கள்.

மண்டபத்துக்காரர் வாக்குத் தவறவில்லை. வகுப்பு தொடங்கிய காலையில் நாங்கள் போவதற்கு முன்பே எதிர்வீட்டு அக்கா தன் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு வந்து நின்றிருந்தாள். "எங்க வூட்ட டிவில காட்டவே இல்ல. அதுக்கு ஈடா எங்களுக்கு ஆட்டம் சொல்லிக்குடு," என்றாள். கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு புதுமணத் தம்பதி, துபாய்க்குத் திரும்புவதற்குள் கற்க வேண்டுமாம், கதவருகே வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள். யார் முன்னால் வருவது, யார் பின்னால் போவது என்று உங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்றாள் என் ஜோடி. அக்கா வீட்டுக்காரர் முடிவுக்குக் காத்திருக்காமல் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அம்மாவும் வந்திருந்தாள். ஆட அல்ல. ஹாலைச் சுற்றிப் பார்த்தவள், எண்ணெய்க் கறை படிந்த சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு நேராக மண்டபத்துக்காரரிடம் போனாள்.

"இன்னா சார், நாலு பேரு வந்து போற எடம். ஒரு கோட்டு பெயிண்டு அடிக்கக் கூடாதா? ரோஸு போடுங்க, எடுப்பா இருக்கும்."

மண்டபத்துக்காரர் சுவரைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் பழக்கதோஷத்தில் ஓர் அடி பின்னால் வைத்தேன்.